நெட்டேந்தல் அண்ணன்தம்பிகள் வெல்டிங் மிஷின் வாங்கியது

நெட்டேந்தலில் அடைக்கலம், சேவுகன், உடையப்பன், வெள்ளைக்கண்ணு என்று நான்கு அண்ணன்தம்பிகள் இருந்தார்கள். நால்வரும் நல்லவர்கள், உழைப்பாளிகள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களால் ஊருக்கு இருந்த ஒரே தொந்தரவு அதுதான்.

அந்த ஊர்க் கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்து வரும். அந்த வருஷம் முறை இவர்களுக்கு வந்தது. அதைத் தள்ளிவைக்கலாமா என்று ஊரார் கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்கள். இவர்களே பார்க்கட்டும் என்று சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சாமிக்கு என்ன, அதற்கு வயலா இருக்கிறது?

மடையை அடைத்திருப்பது அரை இஞ்சு கனத்தில் ஓர் இரும்பு ஷட்டர். மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் ஏறும், இறங்கும். அன்றைக்கு அது பாதியில் நின்று முரண்டு பிடித்தது. லேசாக நாலு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும் என்று வரப்பில் போன யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு தட்டு என்றால் ஆளுக்கு ஒரு தட்டு, அது சுலபமாக முடிவாயிற்று. எதால் தட்டுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. வீட்டில் ஆட்டுரல் ஒன்றும் அம்மி ஒன்றும் இருந்தன. இரண்டில் லேசானது அம்மி. அதைத் தூக்கிக்கொண்டு மடைமேல் ஏறி, வயசுப்படி ஆளுக்கு ஒருமுறை கீழே போட்டார்கள். கடைசித் தம்பி வெள்ளைக்கண்ணு போட்டபோது ஷட்டர் இறங்கிவிட்டது. ஓரத்திலிருந்து நடு வரைக்கும் விரிசலும் விட்டுவிட்டது.

அரை இஞ்சு இரும்பை உடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரே வந்து பார்த்தது. அப்புறம் ஊரே மணல் மூட்டை கட்டி உள்பக்கம் அடுக்கியது. அப்படியும் தண்ணீர் கசிந்தது. நாற்றங்காலில் நாற்று ஒரு சாண் நிற்கிறது, இன்னும் பத்து நாளில் நடவு. அதுவரை கசிந்தால் நாற்பது குடும்பத்துக்கும் நடத் தண்ணீர் இருக்காது. உடைத்தவர்களே ஒட்டட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு சொன்னார்கள்.

பக்கத்து ஊர் வெல்டர் இவர்களைத் தூரத்தில் பார்த்ததுமே கடையை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் உடையப்பனிடம் ஒரு கம்பியைக் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மச்சினன் ஊர்த் திருவிழாவுக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். உடையப்பன் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த மூன்று நாளும் வெல்டரின் சம்சாரம்தான் அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

வேறு வழியில்லாமல், சொந்தமாக ஒரு மிஷின் வாங்கித் தாங்களே ஒட்டுவது என்று முடிவெடுத்தார்கள். டவுனில் ஜன்னத் அக்கா என்பவர் வெல்டிங் சாமான் கடை வைத்திருந்தார். மிஷினும் விற்பார், வேலையும் தெரியும், பொறுமைசாலி என்றும் பெயர். சேவுகன் போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"இரும்போட கனத்தைப் பொறுத்துதான் மிஷின். கனத்தை அளந்து, அளவைக் கையோட கொண்டு வாங்க" என்றார் அவர்.

வெள்ளைக்கண்ணுவின் வலது கைதான் நால்வரின் கைகளில் நடுங்காதது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஷட்டர் விளிம்பில் வைத்து அளந்து, விரலை அசைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். அண்ணன்மார் மூவரும் அவனைச் சுற்றி நின்று வந்தார்கள். பாதி வழியில் ஊர்த் தலைவர் ஏறினார். வெள்ளைக்கண்ணு மரியாதை தெரிந்த பையன். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டான். நால்வரும் இறங்கி, திரும்பி நடந்து, மறுபடி அளந்தார்கள்.

இரண்டாம் தடவை அவனுக்குத் தும்மல் வந்தது. மூன்றாம் தடவை விரல்களுக்கு நடுவில் சரியான கனத்தில் ஒரு மரத்துண்டைச் செருகி, கையைத் துணியால் கட்டி, தூளியில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கட்டைப் பிரித்துப் பார்த்த ஜன்னத் அக்கா, இந்த மரத்துண்டை மட்டும் கொண்டு வந்திருந்தால் போதுமே என்றார்.

"கையோட கொண்டு வரச் சொன்னீகளேக்கா" என்றார் அடைக்கலம்.

ஜன்னத் அக்கா மரத்துண்டை வாங்கி அளவைப் பார்த்துக்கொண்டார். பிறகு வேலையை ஆரம்பித்தார். "உங்க வீட்டுல சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?"

நால்வரில் இங்கிலீஷ் விவகாரம் சேவுகன் பொறுப்பு. அவன் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஃபேஸ் என்றால் மூஞ்சி என்று அண்ணனின் காதில் சொன்னான். அடைக்கலம் தம்பிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"நாலுக்கா. எங்க வீட்டம்மாவையும் சேத்தா அஞ்சு."

பதினெட்டு வருஷமாகக் கடை நடத்துகிறவர் ஜன்னத் அக்கா. அஞ்சு ஃபேஸ் கரண்ட் வரும் வீட்டை அவர் கேள்விப்பட்டதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, சிங்கிள் ஃபேஸில் ஓடக்கூடிய இருநூறு ஆம்பியர் மிஷின் ஒன்றை எடுத்து வைத்தார். வீட்டு உபயோக மிஷின்தான், ஆனாலும் அரை இஞ்சுக்குத் தாங்கும் என்றார். கனமான இரும்பு ஒரே பூச்சில் பிடிக்காது. விரிசலை வி மாதிரி வெட்டிவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முறை ஓட்ட வேண்டும். எர்த் கொடுக்காமல் மிஷினைப் போடக்கூடாது. முகமூடி போடாமல் நெருப்பைப் பார்க்கக்கூடாது. இவ்வளவையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நால்வரும் சாமி கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்கள்.

"வெட்டுறதுக்கும், ஒட்டுறதுக்கு முன்னாடி சூடு காட்டுறதுக்கும் டார்ச் வேணும். அந்த செட்டையும் எடுத்துக்கிறீங்களா?"

"டார்ச் வீட்டுல இருக்குக்கா. எங்கப்பா காலத்துது" என்றார் அடைக்கலம்.

"நல்லா எரியுதா?"

"இங்கிருந்து அடிச்சா கண்மாய்க்கு அந்தக் கரை வரைக்கும் போகும்."

அவ்வளவு நீளத் தீ ஆபத்தாயிற்றே, குறைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜன்னத் அக்கா பதறிச் சொன்னார். சொன்னபடியே செய்கிறோம் என்று அடைக்கலம் வாக்குக் கொடுத்தார்.

மிஷின் ஊருக்கு வந்ததும் முதல் சிக்கலைக் கண்டுபிடித்தவன் உடையப்பன். இது வீட்டு மிஷின். மடையோ ஊருக்கு வெளியே இருக்கிறது. வீட்டு மிஷின் எப்படி மடையில் ஓடும்? ஷட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்றான் சேவுகன். கழற்றினால் கண்மாயும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுமே என்று அடைக்கலம் யோசித்தார். கடைசியில் எல்லாரும் எழுந்து வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள்.

கட்டில், பீரோ, அடுப்பு, குடம், சாமி படம், ரேஷன் கார்டு எல்லாம் மாட்டு வண்டியில் ஏறி மடைக்குப் போயின. அடைக்கலத்தின் மனைவி செகப்பாயியும் கூடப் போனாள். அங்கே புளியமரத்து நிழல் இருந்தது, காற்று வந்தது, கண்மாயில் மீன் கிடந்தது. பக்கத்து மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தார்கள். இனிமேல் இதுதான் வீடு என்று அடைக்கலம் மிஷினுக்குக் கேட்கும்படியாக இரண்டு தடவை சொன்னார்.

அடுத்தது ஃபேஸ். சிங்கிள் ஃபேஸ் மிஷின் என்றால் ஒரு மூஞ்சிதான் அதைப் பார்க்கலாம். மற்ற மூன்று பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். எந்த மூஞ்சி என்பதில் காலை முழுவதும் போயிற்று. அடைக்கலம் மூத்தவர். சேவுகனுக்கு மீசை நன்றாக இருந்தது. கடைசியில் செகப்பாயியைக் கேட்டார்கள். நால்வரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்து, எதுவும் விசேஷமில்லை, ஆனால் உடையப்பனுக்கு மூஞ்சியில் மரு கிடையாது என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். உடையப்பன் முகத்தைக் கழுவிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தான்.

எர்த் என்றால் மண் என்று சேவுகன் விளக்கினான். எந்த மண் என்று கேட்டார் அடைக்கலம். கிழக்கே கரிசல், மேற்கே செம்மண். மிஷினோ டவுனில் வளர்ந்தது, எது ஒத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? வம்பே வேண்டாம் என்று தாம்பாளத்தில் இரண்டையும் வைத்து, இரண்டு கையாலும் மிஷினுக்குக் கொடுத்தார்கள். சும்மா வைத்தால் போதாது, அக்கா கொடுக்கத்தான் சொன்னார் என்பதில் அடைக்கலம் கண்டிப்பாக இருந்தார். மிஷினில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வாங்கிக்கொண்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

பிறகு வி. சேவுகன் சாக்பீஸை எடுத்து, விரிசல்மேல் பெரிதாக "வி" என்று எழுதினான். கொம்பைக் கொஞ்சம் தூக்கிப் போட்டதில் அது "வீ" மாதிரித் தெரிந்தது. அழித்து மறுபடி எழுதினான். இனி அதை வெட்ட வேண்டும். வெள்ளைக்கண்ணு அப்பா காலத்து டார்ச் லைட்டைக் கொண்டு வந்து, புது பேட்டரி போட்டு, திரும்பி நின்றபடியே கையைப் பின்னால் நீட்டி எழுத்தின்மேல் அடித்தான். கையும் அசையவில்லை, வெளிச்சமும் அசையவில்லை.

அதற்குள் உடையப்பன் முகமூடியைப் போட்டான். அதன் கண்ணாடி கருப்போ கருப்பு. கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்துவிட்டது என்றான். மற்றவர்களுக்கு உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அடைக்கலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆலோசித்தார்.

"மிஷினைப் பாக்குறவன் அவன்தான். அவனுக்கு ராத்திரின்னா வேலைக்கும் ராத்திரிதான்."

வேலை நின்றது. உடையப்பன் கட்டிலில் ஏறி முகமூடியோடு தூங்கினான். மற்ற இருவரும் திரும்பி நின்றபடியே தூங்கினார்கள். வெள்ளைக்கண்ணு மட்டும் டார்ச்சை அணைக்கவில்லை. அணை என்று யாரும் சொல்லவில்லை.

இப்படி இரண்டு நாள் ஓடியது. மதியம் தொட்டுப் பார்த்தால் ஷட்டர் கொதித்தது. சூடு ஏறுகிறது என்று உடையப்பன் முகமூடிக்குள்ளிருந்து மகிழ்ந்தான். சாயங்காலம் ஆறிவிட்டது. பேட்டரி வீக் என்று இன்னொரு ஜோடி போட்டார்கள். மூன்றாம் நாள் அடைக்கலமே மனம் நொந்து ஜன்னத் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, டார்ச் காட்டுறோம். சூடாகுது. வெட்டத்தான் மாட்டேங்குது."

"எவ்வளவு நேரமாக் காட்டுறீங்க?"

"முந்தாநாள்லருந்து."

இரண்டு நாள் கேஸ் டார்ச் காட்டினால் ஷட்டர் என்ன, மடையே உருகி ஓடியிருக்கும். ஜன்னத் அக்கா கடையைச் சாத்திவிட்டு, டார்ச் செட்டையும் சிலிண்டர்களையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே புறப்பட்டு வந்தார்.

வந்து பார்த்தார். நடுவெளியில் பீரோ நின்றது. மூன்று ஆண்கள் மிஷினுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நான்காவது ஆள் முகமூடியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தாம்பாளத்தில் இரண்டு நிற மண். ஷட்டரில் ஓர் எழுத்து. அதன்மேல் பட்டப்பகலில் டார்ச் லைட். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

ஜன்னத் அக்கா மெதுவாகப் போய்ச் செகப்பாயி பக்கத்தில் உட்கார்ந்தார். இது எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"கல்யாணமாகிப் பதினாறு வருசம்" என்றாள் செகப்பாயி. "மீன் சாப்பிடுவீகளா?"

சாப்பிட்டார். சாப்பிட்டு எழுந்தவர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. சிலிண்டரைத் திறந்து டார்ச்சைப் பற்றவைத்து, விரிசலை வி மாதிரி சாய்த்து வெட்டினார். அதே டார்ச்சால் இரும்புக்குச் சூடு காட்டினார். எர்த் கிளிப்பை எடுத்து ஷட்டரில் மாட்டினார். உடையப்பன் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டார். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வரிசை ஓட்டினார். அந்தி சாயும்போது கசிவு நின்றுவிட்டது. மூன்று நாளாகக் கரைமேல் நின்று சாமியைத் திட்டிக்கொண்டிருந்த ஊரார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

போவதற்கு முன், வெள்ளைக்கண்ணுவின் கையில் வெல்டிங் ராடைக் கொடுத்து ஒரு துண்டு இரும்பில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். கோடு போட்டமாதிரி வந்தது. ஜன்னத் அக்கா அசந்துபோனார். அவனுக்கு முதுகில் ஒரு தட்டுக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த தவறு. ஓரத்தில் ரெண்டு இஞ்சு அளவுக்கு மேல்பூச்சு பாக்கி இருந்தது. அவருக்கு நேரமாகிவிட்டது.

"அதை நாளைக்கு நீயே முடிச்சிடு தம்பி. நல்லாப் பாத்து, ஒரு இடுக்கு விடாம அடைச்சிடு."

மறுநாள் வெள்ளைக்கண்ணு முகமூடியைச் சரியாகப் போட்டு, எர்த் கிளிப்பைச் சரியாக மாட்டி, அந்த ரெண்டு இஞ்சையும் அழகாக முடித்தான். நிஜமாகவே நல்ல வேலை. அடைக்கலம் குனிந்து பார்த்துவிட்டு, ஷட்டருக்கும் அது ஏறி இறங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருப்பதைக் காட்டினார். வெள்ளைக்கண்ணு அடைத்தான். இடதுபக்கம் முடிந்ததும் வலதுபக்கம். அப்புறம் மேலே சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதையும் அடைத்தான். ராடு மிச்சமிருந்தது. பீரோவின் இரண்டு கதவுகளுக்கு நடுவிலும் ஓர் இடுக்கு இருந்தது. செகப்பாயியின் புடவைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. அவள் குளித்துவிட்டு வந்தபோது பீரோ, கதவே வைக்காமல் செய்த பெட்டி மாதிரி நின்றது.

நடவுக்கு நாள் வந்தது. ஊரார் பூசை போட்டு, ஷட்டரைத் தூக்கப் போனார்கள். சக்கரம் அசையவில்லை. பத்துப் பேர் தொங்கிப் பார்த்தார்கள். கோபத்தோடு அடைக்கலத்தைக் கூப்பிட்டார்கள். அவருக்கு எதற்குக் கோபம் என்றே புரியவில்லை.

"ஒரு சொட்டு ஒழுகுதா, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஒழுகவில்லை. அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

ஜன்னத் அக்காவுக்குப் போன் போனது. அவர், தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வெளியூர் வந்திருப்பதாகவும், பத்து நாளில் வந்து தானே வெட்டிக் கொடுப்பதாகவும், அதுவரை அந்த நால்வரில் ஒருவரும் மிஷின் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னார். நாற்று பத்து நாள் தாங்காது. ஊரார் கரைமேல் டீசல் இன்ஜினை ஏற்றி, தண்ணீரை இறைத்து நடவை ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன்தம்பிகளின் வயலுக்கும் முறை தருவதாகத்தான் சொன்னார்கள். ஆனால் இன்ஜினை நீங்கள் தொடக்கூடாது, நாங்கள் வந்து ஓட்டும்வரை பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நால்வரும் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் நாற்று பழுக்க ஆரம்பித்ததும் அடைக்கலத்துக்குத் தாங்கவில்லை. தம்பிகளைக் கூட்டி உட்காரவைத்தார்.

"தண்ணி வயலுக்கு வராது" என்றார்.

"வயல் தண்ணிக்கு வருமா?" என்று கேட்டான் சேவுகன்.

வயல் அசையாத சொத்து என்று பத்திரத்திலேயே எழுதியிருப்பதாக உடையப்பன் ஞாபகப்படுத்தினான்.

"நாத்து வரும்ணே" என்றான் வெள்ளைக்கண்ணு. "நாத்தை எங்க கூப்பிட்டாலும் வரும்."

அவனைப்போல ஒரு தம்பி கிடைத்ததற்கு அடைக்கலம் கண்கலங்கினார். உடனே நாற்றைப் பறித்து, கட்டுக் கட்டாக முடி கட்டி, தலையில் சுமந்துகொண்டுபோய்க் கண்மாய்க்குள் இறங்கினார்கள்.

தண்ணீர் கழுத்தளவு இருந்தது. மூச்சை அடக்கி முங்கி, அடியில் சேற்றைத் தடவி, கைக்கு நாலு நாற்றாக ஊன்றிவிட்டு மேலே வருவார்கள். பாதி நாற்று இவர்களுக்கு முன்னால் மேலே வந்து மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி முங்குவார்கள். வரிசை கோணாமல் இருக்க வேண்டும் என்று சேவுகன் தண்ணீருக்குமேல் கயிறு பிடித்தான். இன்ஜினில் நின்ற ஊரார் வேலையை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். செகப்பாயியும் வந்து பார்த்தாள். ஐந்து நாளாக ஒரே புடவையில் இருந்தவள், எதையும் கேட்கும் நிலையில் இல்லை.

மத்தியானத்துக்குமேல் மேற்கே வானம் கறுத்தது. இடி ஒன்று உருண்டது. நட்டு முடித்த களைப்பில் நால்வரும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். முதல் தூறல் அடைக்கலத்தின் மூக்கில் விழுந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"போச்சுடா" என்றார். "இப்பத்தான் நட்டோம். நாத்தெல்லாம் நனையப்போகுது."

நால்வரும் தலைத்துண்டை அவிழ்த்து முடிபோட்டு ஒன்றாக்கி, ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்து, கண்மாய்மேல் விரித்தார்கள். மழை விடும்வரை ஒருவரும் கையை இறக்கவில்லை.